மூன்றாவது அலமாரி

(ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் படிக்கப்பெற்ற உரை)

 

நாட்டியமும் நாடகமும் திரைக்குப் பின்னால் காத்திருக்க, நூலகத்தைப் பற்றிப் பேசச் செயலாளர் எங்களுக்குக் கால் மணி நேரம் அளித்திருக்கிறார். குழுவில் நாங்கள் மூவர். மூவரும் கூடி எழுதியதை எங்களுள் குரல் வளம் உடையவர் படிக்கிறார். ஆதலால் இவ்வுரையில் வரும் 'நாங்கள்' மரியாதைப் பன்மை அன்று, மெய்ப் பன்மையே.

நம் சங்கத்தின் மாடியறையில் மூன்று அலமாரிகள் இருப்பதை அறிவீர்கள். முதல் அலமாரியில் நாவல்களும் சிறுகதைகளும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருமுறை பைண்டு செய்யப்பெற்று, மூன்றாம் முறைக்குக் காத்திருக்கின்றன. இரண்டாவதில் திருமுறை, திவ்வியப் பிரபந்தம், கம்பன், குறளுரைகள். மார்கழி பிறந்தால் அதற்குக் கிராக்கி. மூன்றாவதில் மெய்யாக நடந்தவற்றைக் கூறும் நூல்கள்: தன்வரலாறு, நாட்குறிப்பு, பயணநூல், பெரியோர் வரலாறு. சென்ற ஆண்டு அதன் பூட்டில் தேங்காயெண்ணெய் விட்டுத்தான் நாங்கள் அதைத் திறக்க நேர்ந்தது.

திறக்க நேர்ந்த காரணம் மகிழ்ச்சிக்குரியது அன்று. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் குழந்தைகள் மிகுந்துவிட்டார்கள், உட்கார இடமில்லை. ஓர் அலமாரியை அகற்றினால் ஒரு வரிசைப் பாய் விரிக்கலாம். எதை அகற்றுவது என்று செயற்குழு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. மூன்றாவது அலமாரியின் பக்கங்களில் பல ஆண்டுகளாகக் கையொப்பமே இல்லை. நிறைக்குப் போட்டுவிடலாம் என்று ஓர் அன்பர் சொன்னார். அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. குழந்தைகளுக்காகக் கேட்கும் இடத்தைப் புத்தகத்துக்காக மறுப்பது எளிதன்று. ஓராண்டுத் தவணை தாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். தவணை முடிந்துவிட்டது. அந்தக் கணக்கை உங்கள் முன் ஒப்புவிக்கவே நிற்கிறோம்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். இந்நூல்களை இத்தனை காலமும் நாங்கள் கஷாயம்போலச் சிபாரிசு செய்து வந்தோம். "படியுங்கள், பயன் உண்டு" என்போம். பயன் உண்டு என்று சொல்லிக் கொடுத்த எதையும் மனிதன் விரும்பி உண்டதில்லை. புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைத் தூக்கிக் கொடுத்தோம். எட்டாம் நாள் கொண்டுவந்து வைத்து, "மிக நன்றாக இருந்தது" என்று கூறிச் சென்றார். அவர் செருகியிருந்த பஸ் டிக்கெட் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

நூலக இயலுக்கு ஐந்து விதிகளை 1931-ஆம் ஆண்டில் நூலாக வகுத்தளித்த எஸ். ஆர். ரங்கநாதன் நம்மவர்; சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பது அவர் விதிகளுள் ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, புத்தகத்துக்கு ஆள் தேடும் தரகர்களாக அலைந்தோம். வந்தவர் யார், எதில் உழல்கிறார், எந்த ஊரை விட்டு வந்தார் என்று கேட்டறியவில்லை. இவ்வாண்டு அதைத்தான் மாற்றினோம். புத்தகத்தைப் பற்றிப் பேசுமுன் ஆளைப் பற்றிக் கேட்டோம். அவ்வாறு கேட்டதால் கைமாறிய சில நூல்களைப் பற்றி இங்கே சொல்கிறோம்.

'என் சரித்திர'த்தையே மறுபடி எடுத்துக்கொள்வோம். அது 1940 முதல் 1942 வரை 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் வெளிவந்து, 1950-இல் நூலுருப் பெற்றது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னதே எங்கள் பிழை. உத்தமதானபுரத்து வரலாறு நல்லதுதான்; ஆனால் அவ்வூரையே அறியாத இளைஞருக்கு அது வாயில் காவல். இப்போது நாங்கள் வேறோரிடத்தில் திறந்து கொடுக்கிறோம். 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த சாமிநாதையர், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். வயது இருபத்தைந்து. தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசையாக ஒப்பிக்கிறார். முதலியார் முகம் மலரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், தாம் படியாத தமிழ் ஒன்று உண்டு என்பதை அறிகிற இடம் அது. அக்கேள்வியிலிருந்து முளைத்ததே 1887-இல் அச்சேறிய சீவக சிந்தாமணிப் பதிப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவரின் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றவர் எவரும் இப்பகுதியைக் கீழே வைக்க மாட்டார். அதன்பின் பின்னோக்கிப் படிக்கலாம். மகனுக்கு நல்ல ஆசிரியர் கிடைக்க வேண்டுமென்று தந்தை வேங்கடசுப்பையர், அரியிலூர், குன்னம், செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தைப் பெயர்த்துச் செல்லும் அத்தியாயங்கள் வரும். இரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவரின் மனைவியார் அப்பகுதியைப் படித்துவிட்டு, "மாற்றல் உத்தரவு இல்லாமலே இவர்கள் எங்களைப் போல அலைந்திருக்கிறார்களே" என்றார்கள். அவர்கள் படித்தது முன்னுரை எழுதியவர்கள் கண்ட நூல் அன்று. எனினும் அதுவும் அந்நூலே. 1942 ஏப்ரலில் ஆசிரியர் மறைந்ததால் வரலாறு 1890-களின் இறுதியோடு நின்றுவிடுகிறது. முழுவதும் படித்து ஏங்கியவர்களுக்கு அவர் மாணவர் கி. வா. ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' பக்கத்திலேயே இருக்கிறது.

கணக்குத் துறையினர் நம் சங்கத்தில் மிகுதி. அவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நீட்டினோம். பிள்ளை சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709-இல் பிறந்து, பிழைப்பின் பொருட்டுப் புதுச்சேரிக்குச் சென்ற குடும்பத்தினர். அவரும் ஒரு வகையில் நம் சங்கத்து உறுப்பினர் ஆகத் தகுந்தவரே. பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்சுக்குத் துபாஷாக இருந்து, 1736 முதல் 1761-இல் தாம் இறக்கும் தறுவாய் வரை, கப்பல் வந்ததையும் சரக்கு விலையையும் துரைமார் பேச்சையும் ஊர் வம்பையும் எழுதி வைத்தார். பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டார்கள் என்றால் அதன் பருமனை ஊகிக்கலாம். வரிசையாகப் படிக்க முற்பட வேண்டா. 1746-ஆம் ஆண்டை எடுங்கள்: பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த ஆண்டு. போரைப் பற்றிய செய்தி, சரித்திரப் பாடத்தில் வருவதுபோலத் தேதியாக வராமல், ஆளுக்கொரு விதமாக, வதந்தியாக வந்து சேர்வதைக் காணலாம். நடை கரடுமுரடு. பேச்சும் பிறமொழிச் சொற்களும் கலந்து கிடக்கும். புலவர் எழுதியதன்று, வேலை முடிந்து களைத்து வந்தவர் எழுதியது.

இந்த நடை விவகாரத்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' என்னும் நூலை வாங்கியபோது, "இது கொச்சைத் தமிழ், சங்க நூலகத்தில் வைக்கத் தகுமா?" என்று மூத்த அன்பர் ஒருவர் வினவினார். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அதை விட்டு வெளிவந்த ஒரு பெண்ணின் வாழ்வு அது. தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரம்போல் இருப்பதற்குக் கருக்கு என்று பெயர் என்பதை இந்நகரில் பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் விளக்க வேண்டியிருந்தது. வினவிய அன்பரிடம், ரங்கப் பிள்ளையின் நடையைப் பொறுத்துக்கொண்ட நாம் இதைப் பொறுக்கலாகாதா என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஆனால் நூலை எடுத்துச் சென்றார். மூன்று வாரம் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது, தாம் சிறுவயதில் வாழ்ந்த ஊரில் கிணற்றங்கரை எப்படி இருந்தது என்பதை அரைமணி நேரம் சொன்னார். அவர் அதற்குமுன் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

தொழிற்சங்கத்தில் உழைத்தவர்களுக்குத் திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' உகந்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதை அதில் உண்டு. தொடர்ந்து படித்தால் திணறும். வேண்டிய தலைப்பை எடுத்துப் படிப்பதே முறை.

'நான்' என்னும் சொல்லைக் கேட்டாலே சலிப்பவர்கள் சிலர் உண்டு. தன்வரலாறு என்றால் தற்புகழ்ச்சி என்பது அவர்கள் கட்சி. பல நூல்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பொய்யுமன்று. அவர்களுக்கு ஏ. கே. செட்டியாரைக் காட்டுகிறோம். 1937-இல் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க வேண்டுமென்று எண்ணங்கொண்ட இளைஞர் அவர். அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களில் ஐம்பதினாயிரம் அடி தேடித் திரட்டி, 1940-இல் தமிழில் வெளியிட்டார். அக்கதையை அவரே தம் 'குமரி மலர்' இதழில் எழுதினார். அது பின்னர் ஆ. இரா. வேங்கடாசலபதியால் தொகுக்கப்பெற்று, 2003-இல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாயிற்று. இத்தனை அலைச்சலையும் சொல்லும் நூலில் தம் பெருமை என்று ஒரு வரி தேட வேண்டும். வாக்கியங்கள் தந்திபோல் இருக்கும். ஒரே இருப்பில் படித்து முடித்ததாக மூவர் சொன்னார்கள்.

இனி, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. அவர்களை நூலகத்துக்கு வெளியே நிறுத்துவது எங்களுக்கு உடன்பாடன்று. ஆகவே மூன்றாவது அலமாரியில் ரஸசுந்தரி தேவியின் 'ஆமார் ஜீபன்' வங்காளப் பதிப்பு ஒன்றை வாங்கி வைத்தோம். 1876-இல் வெளிவந்த அது, வங்கமொழியில் எழுந்த முதல் தன்வரலாறாகப் போற்றப்படுகிறது. பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றிருந்த காலம். சிறு வயதில் மணமாகி வந்த அப்பெண், 'சைதன்ய பாகவத'த்தின் ஓர் ஏட்டைப் பிரித்துச் சமையலறையில் ஒளித்து வைத்துக்கொள்கிறாள். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறாள். அடுப்பு வேலைக்கிடையே இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். இதைப் படித்த கல்லூரி மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் தமிழ்க் கடிதங்களையும் 'அரிச்சுவடி'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே முறையைச் செய்து பார்ப்பதாகச் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நாங்கள் அதை எதிர்பார்த்து அந்நூலை வாங்கவில்லை.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்களுக்கு இடையே ஒரு செய்தி. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூற்செல்வம் இந்நகரின் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்கே வந்து சேர்ந்தது. இவ்வளவு அருகில் இருப்பதை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

கடைசியாக ஒரு நூல். இதைப் பற்றிப் பேசுவதா வேண்டாவா என்று எங்களுக்குள் இரண்டு கூட்டம் நடந்தது. பேசுவதென்று முடிவாயிற்று.

வெ. சாமிநாத சர்மா இரங்கூனில் 'ஜோதி' என்னும் இதழை நடத்தியவர். பிளேட்டோவையும் பிறரையும் தமிழுக்குத் தந்தவர். 1941 டிசம்பரில் இரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். அங்கிருந்த இந்தியர் இலட்சக்கணக்கில் புறப்பட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். மற்றவர் காடும் மலையும் கடந்து நடந்தார்கள். அப்படி நடந்தவர்களுள் சர்மாவும் அவர் மனைவியாரும் உண்டு. 'எனது பர்மா வழிநடைப் பயணம்' அந்த நடையின் வரலாறு. அழுகை இராது, ஓலம் இராது. குடிதண்ணீர், சோறு, படுக்க இடம் என்று அன்றாடத்தை அடக்கமாகச் சொல்லிக்கொண்டே போவார். நடந்து வந்தவர்கள் இரயிலேறி வந்து இறங்கிய பெருநகரங்களுள் அன்றைய கல்கத்தா, இன்றைய கொல்கத்தா, முதன்மையானது. சிலர் இங்கேயே தங்கினார்கள்.

அவ்வாறு தங்கிய குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் நம் சங்கத்தில் இருந்தார். நடந்து வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அதிகம் பேச மாட்டார். பொங்கல் விழாவில் பந்தி விசாரிப்பதோடு சரி. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் சர்மாவின் நூலை இரவல் வாங்கினார். இருமுறை புதுப்பித்து வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பதைக் கண்டோம். புத்தகத்தில் எழுதலாகாது என்பது சங்க விதி. பத்து ரூபாய் அபராதம் விதித்தோம். மறுபேச்சின்றிக் கட்டினார். பின்னர் நாங்கள் மூவரும் ஒரு ஞாயிறு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து, ரப்பர் கொண்டு அவ்வெழுத்துகளை மிகத் தூய்மையாக அழித்தோம். அவ்வளவு நேர்த்தியாக நாங்கள் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

அழிக்கும்போது ஓரிரண்டு வரிகள் கண்ணில் பட்டன. இது ஓடை அன்று, இடுப்பளவு ஆறு என்று ஓரிடத்தில் இருந்தது. அம்மா வளையலை இங்கே விற்றாள் என்று ஓரிடத்தில். படித்தோம், அழித்தோம். அது ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எழுதிய ஒரே தன்வரலாறு என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அலமாரி நிறையத் தன்வரலாறுகளை அடுக்கி வைத்து, யாரும் படிக்கவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அவர் காலமாகிச் சில மாதம் கழித்து அவர் மகள் வந்தார். அப்பா கடைசி நாள்களில் சங்கத்து நூல் ஒன்றில் எல்லாம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாராம். நூலை எடுத்துக் கொடுத்தோம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பென்சில் அழுத்திய தடம் சில இடங்களில் தெரிந்தது, படிக்க முடியவில்லை. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில் மட்டும் எங்கள் ரப்பர் எட்டாமல் ஒரு வரி தப்பியிருந்தது. "இதற்குப் பிறகு தங்கை எங்களோடு இல்லை."

"அப்பாவுக்குத் தங்கை இருந்ததே எங்களுக்குத் தெரியாது" என்றார் அந்த அம்மையார். பெயர் என்ன என்று எங்களைக் கேட்டார். நாங்கள் அழித்த வரிகளுள் அப்பெயரும் இருந்திருக்கலாம்.

அபராதம் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்க முற்பட்டோம். அவர் வாங்கவில்லை. அந்தத் தொகையோடு எங்கள் கைப்பணமும் சேர்த்து ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினோம். எழுதச் சொல்லி எவரையும் அழைக்கத் துணிவில்லாமல், அது பல காலம் எங்கள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. சென்ற ஆண்டு மூன்றாவது அலமாரியைத் திறந்தபோதுதான் அதை எடுத்து நடுத்தட்டில் வைத்தோம். இந்த நூலைப் படித்தேன், எனக்கும் இப்படி நடந்தது என்று எவரும் அதில் எழுதலாம். பென்சில் வேண்டா, பேனா கட்டியிருக்கிறோம். 1971 டிசம்பர்ப் போரின்போது விளக்கணைத்த இரவுகளில் குழந்தைக்குப் பால் காய்ச்சியதை ஒருவர் எழுதியிருக்கிறார். 1978 வெள்ளத்தில் கீழ்வீட்டு வங்காளக் குடும்பத்தோடு மூன்று நாள் ஒரே அறையில் இருந்ததை இன்னொருவர். தென்னாட்டுக் காய்கறி தேடி லேக் மார்க்கெட்டில் அலைந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, கீழே ஒரு சாம்பார்க் குறிப்பும் தந்திருக்கிறார் ஓர் அம்மையார். கிணற்றங்கரையைப் பற்றிப் பேசிய அன்பர் இன்னும் எழுதவில்லை. நினைவூட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டுக் கணக்கு இவ்வளவே. மூன்றாவது அலமாரிக்குரிய பதிவேட்டுப் பக்கங்கள் தீர்ந்து புதுத் தாள் ஒட்டியிருக்கிறோம். நாவல்களை எடுப்போர் தொகை குறையவில்லை என்பதையும் முதல் அலமாரியின் அன்பர்களுக்குத் தெரிவிக்கிறோம். குழந்தைகளின் பாய்க்கு இடம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அலமாரியை வெளித் தாழ்வாரத்துக்குப் பெயர்த்து, மழைச்சாரல் படாமல் தகரம் வேயலாம் என்பது எங்கள் யோசனை. அதற்கான செலவுக் குறிப்பை அடுத்த செயற்குழுவில் வைக்கிறோம்.

ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணி வரை அறை திறந்திருக்கும். சர்மாவின் நூல் இப்போது அறையில் இல்லை. அந்த அம்மையாரின் மகன் இரவல் வாங்கியிருக்கிறார். இம்மாத இறுதியில் திரும்பும்.